‘நிறை’யும் ‘வேக’மும்: இயக்கவியற் கலைச்சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

கலைச்சொல்லின் தகுதியை அளந்தறியும் நெறி யாது? அது தமிழ்ச் சொல்லா, ஒலிக்க எளியதா, வேர்ப்பொருள் விளங்க நிற்பதா என்னும் வினாக்களையே தமிழறிஞர் பெரும்பாலும் எழுப்பி வந்துள்ளனர். இவை வேண்டாதன அல்ல. ஆயினும் இயக்கவியல் போன்றதொரு துறைக்கு இவை மட்டும் போதா. அத்துறை இருவேறாகக் கொள்ளும் அளவுகளைச் சொற்களும் இருவேறாகக் காட்டுகின்றனவா என்பதே அங்கு முதல் வினா. இவ்வளவுகோல் கொண்டு, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாடநூல்களில் வழங்கும் சொற்கள் சிலவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வேறுபாடுகள் மேலைநாட்டிலும் எளிதில் அமைந்தன அல்ல. பொருளின் அளவையும் வேகத்தையும் பெருக்கி வருவதே இயக்கத்தின் அளவு என்றார் டெக்கார்ட். 1686-இல் அதனை மறுத்த லைப்னிட்ஸ், வேகத்தின் வர்க்கமே கணக்கிற் புகவேண்டும் என வாதிட்டார். இவ்வழக்கினை ஓர் எடுத்துக்காட்டால் தெளியலாம். 2 கிலோகிராம் பொருளொன்று நொடிக்கு 3 மீட்டர் செல்கின்றது. 1 கிலோகிராம் பொருளொன்று நொடிக்கு 6 மீட்டர் செல்கின்றது. இரண்டன் உந்தமும் 6 என ஒத்துள்ளது. இயக்க ஆற்றலோ முன்னதற்கு 9 ஜூல், பின்னதற்கு 18 ஜூல். இரண்டையும் 3 நியூட்டன் விசையால் தடுத்தால் இரண்டும் 2 நொடியில் நிற்கும். ஆனால், முன்னது 3 மீட்டரும் பின்னது 6 மீட்டரும் சென்று நிற்கும். காலத்தை நோக்கினார்க்கு இரண்டும் சமம். தொலைவை நோக்கினார்க்கு ஒன்று மற்றதன் இருமடங்கு. இரு திறத்தாரும் கண்டது உண்மையே. இருவேறு அளவுகட்கு ஒரே பெயரை உரிமையாக்க முயன்றமையே பூசலை வளர்த்தது. 1743-இல் தலாம்பேர் இதனைச் சொற்பூசல் எனத் தள்ளினார். அதன் பின்னரும் சொல் தெளிந்திலது. ஆற்றல் அழியாமையை நிறுவிய ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1847-இல் தம் கட்டுரைத் தலைப்பில் ஆற்றலைக் குறிக்க ஆண்டது, விசை எனப் பொருள்படும் செருமானியச் சொல்லையே. எனவே, சொற்களைப் பிரித்தமைத்தல் இத்துறைக்கு அணி அன்று. அறிவு வளர்ச்சியின் ஒரு கூறு.

இனித் தமிழுக்கு வருவோம். ஆற்றல், திறன், வலு, சக்தி என்பவற்றைப் பொதுவழக்கு ஒருபொருட் பன்மொழிகளாகவே கொள்ளும். இயற்பியல் அவ்வாறு கொள்ளாது. வேலை செய்ய இயலும் அளவு ஒன்று. அவ்வேலை நிகழும் வீதம் மற்றொன்று. முன்னதைத் தமிழ்நாட்டார் ஆற்றல் என்றும் இலங்கையார் சக்தி என்றும் வழங்குவர். பின்னதை முறையே திறன் என்றும் வலு என்றும் வழங்குவர். அங்ஙனமே நிலைமம் என்பதும் சடத்துவம் என்பதும் ஒரே இயல்பின் பெயர்கள். இவ்வேறுபாடு தீங்கற்றது. ஒரு சொல்லை அறியாதவன் அறியாமையை உணர்ந்து அகராதியை நாடுவான்.

தீங்கு விளைப்பது பிறிதொரு வகை. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நிறை’ என்பது பொருளின் அளவு. அதன்மேற் செயற்படும் ஈர்ப்பு விசை ‘எடை’ எனப்படும். இலங்கைப் பாடநூலில் முன்னது ‘திணிவு’, பின்னதே ‘நிறை’. 60 கிலோகிராம் கொண்ட ஒருவரைப் புவி ஏறத்தாழ 588 நியூட்டன் விசையால் ஈர்க்கும். நிலவு அதில் ஆறிலொரு பங்கு விசையால் ஈர்க்கும். ஆகவே, ‘நிலவில் நிறை குறையும்’ என்னும் தொடர் யாழ்ப்பாணத்து மாணவனுக்குச் சரியான விடை. சென்னை மாணவனுக்குப் பிழையான விடை. ‘வேகம்’ என்பதும் இத்தகையதே. தமிழ்நாட்டில் அது திசை கருதாதது. திசையும் சேர்ந்தது ‘திசைவேகம்’. இலங்கையில் திசை கருதாதது ‘கதி’. திசையும் சேர்ந்தது ‘வேகம்’. சீரான வட்ட இயக்கத்தில் வேகம் மாறுமா என்னும் வினாவிற்கு இரு நாட்டு நூல்களும் எதிரெதிர் விடை தரும். இங்குப் படிப்பவன் தன் அறியாமையை உணரான். அறிந்த சொல் என்றே கருதி மயங்குவான்.

‘நிறை’யை எவர் ஆண்டது பொருத்தம் என வினவின், இரு பாலும் சான்று உண்டு. நிறுத்தலோடு தொடர்புடைய சொல்லாதலின் பளுவைக் குறித்தல் இயல்பு என்பர் ஒரு சாரார். ஆனால், நிறைகோல் செய்வது யாது? ஒரு தட்டிற் பொருளும் மறு தட்டில் படிக்கல்லும் வைத்து ஒப்பிடுவது. நிலவிலும் அத்தட்டுகள் அவ்வாறே சமமாய் நிற்கும். ஆதலின் நிறைகோல் காட்டுவது மாறாத அளவையே எனத் தமிழ்நாட்டு வழக்கைக் காத்து உரைத்தலும் இயலும். வேர்ப்பொருள் இருவர்க்கும் துணைநிற்பதால், அது வழக்கைத் தீர்க்க வல்லதன்று.

நாம் கருதுவது இது: மயங்கும் சொல்லை இருபாலாரும் விடுத்து, மயங்காத சொல்லை இருபாலிருந்தும் கொள்ளலாம். இலங்கையின் ‘திணிவு’ம் தமிழ்நாட்டின் ‘எடை’யும் சேரின் முதல் இடர் நீங்கும், இலங்கையின் ‘கதி’யும் தமிழ்நாட்டின் ‘திசைவேக’மும் சேரின் இரண்டாவது நீங்கும். திணிவு அடர்த்தியை நினைப்பிக்கும், கதி பிற பொருளும் உடையது என்னும் தடைகள் எழலாம். அவை உண்மையே. எனினும், வரையறை கூறி அவற்றை நீக்கிவிடலாம்; ஒரே சொல் இரு வரையறைகளைச் சுமக்கும் இடரை வரையறையும் நீக்காது, ஏனெனில் ஒவ்வொரு நூலும் தன் வரையறையையே கூறும். பாடநூல்களை ஒருங்கே மாற்றுதல் அரிதாயின், இருபாலார்க்கும் பொதுவாக எழுதுவோரேனும் இவ்விணைகளை ஆளலாம். அகராதி தொகுப்போர் இரு வழக்கையும் நாட்டுப் பெயருடன் தனித்தனியே காட்டலாம். தமிழில் அறிவியல் கற்பான் ஒருவன் கடல் கடந்து வந்த தமிழ்நூலை ஐயமின்றிப் படிக்கவேண்டும். அதற்குத் தடையாய் நிற்பது இயற்பியல் அன்று, நம் சொல்லே எனின், அதனைக் களைதல் தமிழ்த்துறையாரின் கடமையுமாம்.