இரண்டாவது டம்மி

கல்லூரி ஆண்டு மலரை ரசிக்க, அச்சாகி வந்த பிரதி மட்டும் போதாது. அதற்கு முந்தைய டம்மிகளையும், அதாவது பக்க அமைப்பின் மாதிரிப் பிரதிகளையும், கேட்டு வாங்கிப் புரட்ட வேண்டும். பக்கம் அமைத்த மாணவர்களின் திறமை அங்கேதான் தெரியும். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி மலரின் இரண்டு டம்மிகளை அப்படிப் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

முதல் டம்மியில் மலைக்கோட்டைப் படத்தின் மேலேயே கவிதை. பக்கத்துக்கொரு எழுத்துரு, தலைப்புக்கு நிழல், ஓரமெல்லாம் பூவேலை. கணினியில் உள்ள அத்தனை வசதியையும் பயன்படுத்திப் பார்க்கும் ஆசை அந்த வயதுக்கு அழகுதான். ஆனால் படிக்க உட்கார்ந்தால் கண்ணுக்கு நிற்க இடமில்லை.

இரண்டாவது டம்மியில் மலர் முழுக்க ஒரே எழுத்துரு. தலைப்புக்கு அதன் தடித்த வடிவம். வரி இடைவெளியைக் கூட்டியிருந்தார்கள். தமிழுக்கு இது மிக முக்கியம். 'கி', 'கீ' கொக்கிகள் மேலே எழும். 'மு', 'ழு' சுழிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியையே வைத்தால் மேல்வரியும் கீழ்வரியும் உரசிக்கொள்ளும். நம் சொற்களும் நீளம். ஒடுங்கிய பத்தியில் இருபுற ஓரத்தையும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். மூன்று பத்தியை இரண்டாக்கியதும் அந்த ஓட்டைகள் மறைந்தன. புள்ளி எழுத்தில் தொடங்கிய வரிகளையும் தேடிப் பிடித்துச் சரிசெய்திருந்தார்கள். பழைய அச்சுக் கோர்ப்பவர்கள் கண்ணும் கருத்துமாகக் காத்த ஒழுங்கு அது.

என்னை நிறுத்தி வைத்தது ஒரு கவிதைப் பக்கம். முதல் டம்மியில் அது கால் பக்கத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தது. நீளமான வரிகள் இடம் போதாமல் மடிந்து விழுந்ததால், கவிஞர் முறித்த வரி எது, பத்தி முறித்த வரி எது என்றே தெரியவில்லை. திருத்திய டம்மியில் அதற்கு ஒரு முழுப் பக்கம். வரிகள் எழுதியவர் விட்ட இடத்திலேயே முடிந்தன. தனியே நிற்க வேண்டிய கடைசிச் சொல் தனியே நின்றது. சின்னாளபட்டிச் சுங்குடியில் புள்ளிகளை எடுத்துக் காட்டுவது இடையில் விட்ட வெறும் நிலம்தான். இந்தப் பக்கத்தின் வெள்ளையும் அந்த வேலையைச் செய்தது.

அந்தப் பக்கம் சும்மா கிடைத்துவிடவில்லை. மலரை ஒரே தாளில் அச்சாகி மடியும் பாரங்களாகத்தான் அச்சிடுவார்கள். 64 பக்கம் என்றால் 16 பக்கப் பாரம் நான்கு. ஒரு பக்கம் கூடினாலும் கணக்கு உடையும். ஆளுக்கொரு பக்கமாக இருந்த வாழ்த்துரைகளைச் சுருக்கிச் சேர்த்து இடம் பிடித்திருக்கிறார்கள். எது முக்கியம் என்று முடிவெடுக்கத் தெரிந்தவர்களால்தான் அது முடியும்.

அப்படி முடிவெடுப்பதில் திண்டுக்கல் வட்டாரத்துக்கு ஒரு முன்னோடியும் உண்டு. வத்தலக்குண்டில் வளர்ந்த எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று வரம்பு கட்டிக்கொண்டு, கவர்ச்சியை நம்பாமல் எழுத்தை மட்டுமே நம்பி நடத்தினார். புதுக்கவிதை வேரூன்றியது அந்தப் பக்கங்களில்தான். வரி முறியும் இடத்திலேயே பொருள் வைக்கும் கவிதைக்குப் பக்க அமைப்பு வெளி அலங்காரம் ஆகாது. அது கவிதையின் உறுப்பு.

மலரில் எழுதியவர்கள் பெயர் எப்படியும் அச்சாகும். பக்கம் அமைத்த மாணவர் பெயரும் உள்ளடக்கப் பக்கத்திலேயே வர வேண்டும் என்பேன். ஒவ்வொரு வரியையும் எங்கே முடியலாம், எங்கே முடியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் படித்தவர் அவர். அந்த மலருக்குக் கிடைத்த முதல் நல்ல வாசகர்.