மலையகக் கதைகளில் கடன்

மலையக மக்களைப் பற்றி எழுந்த கதைகளில் கடனைத் தொடாத கதை அரிது. அக்கடன் எவ்வாறு தீர்ந்தது என்று சொல்லும் கதையோ அதனினும் அரிது. கங்காணி முன்பணம் கொடுக்கிறான், ஏழை வாங்குகிறான், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் உழைத்தவனே பாக்கிக்காரனாக நிற்கிறான். பின்னர் நோய், சாவு, அல்லது இரவோடிரவாக ஓட்டம். இம்முடிவு வாழ்க்கையின் உண்மையா, அன்றி எழுத்தாளனின் கைப்பழக்கமா என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ என்னும் நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்தது. அந்நாவலின் பலம் பற்றுவரவுக் கணக்கில் இருக்கிறது. கருப்பனும் வள்ளியும் ஊர் திரும்பும் நாளை எண்ணி எண்ணி உழைக்க, கணக்கேடு அந்நாளைத் தள்ளிக்கொண்டே போகிறது. மேஸ்திரி நல்லவனாக இருந்திருந்தாலும் கணக்கு இப்படித்தான் முடிந்திருக்கும் என்று வாசகன் உணர்கிறான். இக்கதையைத் தழுவி 2013இல் வெளிவந்த ‘பரதேசி’ திரைப்படத்திலோ அவ்வுணர்வு மங்கி, கங்காணியின் கொடுமுகமே திரையை நிறைக்கிறது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ மருதியின் துயரத்தை மறக்கவொண்ணாதபடி தீட்டிய கதை. எனினும் அவருடைய கோபம் தோட்டக் கணக்கேட்டின் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

பிரேம்சந்தின் ‘ஒன்றேகால் சேர் கோதுமை’ என்ற கதையை இங்கு நினைவுகூர்தல் தகும். வீட்டுக்கு வந்த சாதுவுக்குச் சோறிட ஒன்றேகால் சேர் கோதுமை கடன் வாங்குகிறான் சங்கர் என்னும் குடியானவன். ஏழாண்டுகளில் அது ஐந்தரை மணங்காகிவிடுகிறது. இருபதாண்டுகள் அடிமையாக உழைத்தும் அடையாமல் அவன் இறக்க, கடன் மகன் கழுத்தில் விழுகிறது. பிரேம்சந்த் அழவில்லை, கணக்குச் சொல்கிறார், அவ்வளவே. நம் எழுத்தாளரிற் பலர் கணக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் அழுதுவிடுகின்றனர்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். இரண்டாண்டுகளின் பின் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. படிப்படியாகக் கோப்பி மடிந்தது. 1884 மே மாதத்தில் ஓரியன்டல் பாங்கு முறிந்தது. கடன் வாங்கித் தோட்டம் போட்ட துரைமார் பலர் கடனிறுக்க வகையற்றுப் போயினர். அவர்களுக்கு ஒரு வாயில் திறந்திருந்தது. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டமே அது. கடன்பட்டவன் தானே மாவட்ட நீதிமன்றை நாடலாம். உள்ள சொத்தை ஒப்படைத்துக் கணக்கை மறைக்காமற் காட்டினால், நீதிமன்றம் சான்றிதழ் வழங்கிப் பழைய கடனிலிருந்து அவனை விடுவிக்கும். அச்சான்றிதழிலும் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் உண்டு. தவிர்க்கவியலாத நட்டத்தால் வீழ்ந்தவனுக்கு முதலாம் வகுப்பு! பரீட்சைக்குப் பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் வீழ்ச்சி வேறு, குற்றம் வேறு என்பதைச் சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டது என்பதுதான் இதன் பொருள்.

அதே மலையில், அதே காலத்தில், தொழிலாளியின் கடனுக்குத் ‘துண்டு’ என்று பெயர். இன்னின்னார் இவ்வளவு கடன் பட்டுள்ளனர், அதைச் செலுத்துவோரிடம் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. கங்காணி அதை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டு செல்வான், அங்குள்ள துரை பணத்தைக் கட்டுவார், ஆட்கள் கைமாறுவர். கடன் தீரவில்லை, முதலாளிதான் மாறினார். அறிவித்தல் கொடாமல் வேலையை விட்டுப் போனாலோ 1865ஆம் ஆண்டின் சட்டப்படி சிறை. இங்கிலாந்தில் கடனுக்காகச் சிறையிடும் வழக்கம் 1869இல் பெரும்பாலும் ஒழிந்தது. தன் தந்தை மார்ஷல்சீ கடன் சிறையில் கிடந்ததைக் கண்ட டிக்கன்ஸ், அச்சிறையையே ‘லிட்டில் டோரிட்’ நாவலின் களமாக்கினார். நமது மலையில் 1917ஆம் ஆண்டு மார்ஜோரிபாங்க்ஸும் மரைக்காயரும் அளித்த அறிக்கைக்குப் பிறகு, 1921இலேதான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஆகவே, கடன் தீராமல் முடியும் கதைகள் பொய்யல்ல. தொழிலாளிக்கு வாயில் இருக்கவில்லை. நமது குறை வேறு: அந்த வாயில் துரைக்குத் திறந்திருந்ததை அக்கதைகள் காட்டவில்லை. கடனிலிருந்து விடுபட்ட துரையின் பங்களாவையும் துண்டோடு நடந்த குடும்பத்தையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தால், கங்காணியின் மீசையை இவ்வளவு வருணிக்க வேண்டியிருந்திராது.

கடனை மானக்கேடாகவே பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேரோடியுள்ளது. தமிழ்நாட்டில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்பதும் இங்கே ‘வங்குரோத்துக்காரன்’ என்பதும் வசைச் சொற்கள். இலங்கை வேந்தனின் கலக்கத்துக்குக் கடன்பட்டவன் நெஞ்சை உவமையாக்கும் அடியைப் பேச்சாளர்கள் கம்பன் தலையில் ஏற்றுவர். கம்பனில் அது இல்லை. கடன் கொடுத்தவன் நெஞ்சைப் பற்றி ஓர் அடியும் மேடைகளில் கேட்டதில்லை.

ஆனால் 2022 ஏப்ரல் 12ஆம் நாள் இலங்கை அரசே வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. கடன்கொடுத்தோருடன் பேசித் தவணையை நீட்டிக்கொள்வது அரசுக்கு இழுக்காகவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அச்சுமையில் பங்கேற்றது ஊழியர் சேமலாப நிதி; அதில் கொழுந்து பறித்தவளின் சேமிப்பும் உண்டு. அவளது சொந்தக் கடனை யார் மறுசீரமைப்பர்?

அவளுடைய கடன் இன்று துண்டல்ல, நுண்கடன். ஐந்தாறு பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணைநின்று வாங்கும் கடன். 2018இல் வரட்சி கண்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு ஓரளவு கடன் நிவாரணம் அறிவித்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தனர். வங்குரோத்துச் சட்டம் இவளுக்குப் பயன்படுமா? ஒப்படைக்கச் சொத்தில்லை, வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை. இவ்விரண்டையும் தாண்டினாலும் இன்னொரு முடிச்சு உண்டு. நீதிமன்றம் கடன்பட்டவளை விடுவிக்கலாம். பிணைநின்றவளை அது விடுவிப்பதில்லை. இவள் விடுதலையானால் பக்கத்துக் காம்பராக்காரி அகப்படுவாள்.

இங்கே கங்காணி இல்லை. தவணை நாளில் கையேட்டுடன் வருகிறவனும் மாதச் சம்பளக்காரன். ஒருவேளை நம்மிடம் படித்த மாணவன். வசூலிக்கும் வேலையை அந்தப் பெண்களே ஒருவர் மீதொருவர் செய்துகொள்ளும்படி முறை அமைந்திருக்கிறது. ஒருத்தி தவணை கட்டத் தவறிய நாளில், நேற்றுவரை அவளோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த நால்வர் அவள் லயத்து வாசலில் வந்து நிற்கின்றனர். நம் கண்ணிற்பட்ட கதைகளில் அந்நால்வரும் இன்னும் வரவில்லை.