தன்னார்வலர் என்னும் சொல்

வாச்சாத்தி வழக்கைப் பற்றிய எழுத்துகளில் வழக்கறிஞர்களும் தலைவர்களும் நீதிபதிகளும் நிறைய வருகிறார்கள். வன்கொடுமை நடந்தது 1992 ஜூன் 20. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள், 269 அரசு ஊழியர்களுக்கு எதிரே அந்த 19 ஆண்டுகளும் நின்றார்கள். சம்மனைப் படித்துச் சொல்ல, வாய்தா தேதியை நினைவூட்ட, கூண்டில் என்ன கேட்பார்கள் என்று முந்தின நாளே உட்கார்ந்து பேச யாரோ இருந்திருக்க வேண்டும். அந்த உழைப்பு இந்த எழுத்துகளில் ஓரமாகத்தான் கிடக்கிறது.

இன்று அந்த வேலைக்கு அரசு வைத்த பெயர் ‘சட்டம் சார்ந்த தன்னார்வலர்’. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் கொண்டுவந்த திட்டம். பயிற்சி உண்டு, அடையாள அட்டை உண்டு, சம்பளம் கிடையாது. வேலை செய்த நாளுக்கு மதிப்பூதியம். இதில் வரும் வருமானத்தை நம்பியிராதவர்களே வேண்டும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆஷா, அங்கன்வாடி என்று நாம் முன்பே கேட்ட பாட்டுதான். வக்கீல் குமாஸ்தாவுக்குச் சேமநல நிதிச் சட்டமாவது இருக்கிறது. (அந்த நாற்காலியில் பெண்ணைப் பார்ப்பது இன்னும் அபூர்வம்.)

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12, வருமானம் பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி தருகிறது. அந்த உதவியை ஊருக்குக் கொண்டுபோகிற பெண் எதைச் சாப்பிடுவாள்?

அரூரில் பட்டம் முடித்த பெண் இந்த வேலைக்குப் போகலாமா என்று கேட்டால், போ என்றுதான் சொல்வேன். மாதத்தில் எத்தனை நாள் வேலை, நாளுக்கு எவ்வளவு, சித்தேரி மலைக்குப் போய்வரும் பஸ் செலவு யாருடையது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.