ரகசிய மெனுவும் ஆவடிக் கோபுரமும்

யாசு எஃப்டி-817 என்ற சிறிய ஹாம் ரேடியோவில் ஏ, பி, சி பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியபடி பவரைப் போட்டால் சர்வீஸ் மெனு திறக்கும். உள்ளே வரிசையாக வெறும் எண்கள். பலருக்கு இது பவர் கூட்டும் குறுக்குவழி. 5 வாட்டை 7 ஆக்கினால் கிடைப்பது ஒன்றரை டெசிபெல். எஸ் மீட்டரில் ஒரு புள்ளி ஏறவே 6 டெசிபெல் வேண்டும். என் பார்வையில், ரசிக்கத்தக்க வேலை அலைவெண்ணைத் திருத்துவதில்தான் இருக்கிறது. அதிலும் விரல் லாவகம் இரண்டாம்பட்சம். எந்த நிலையத்தை நம்பித் திருத்துகிறோம் என்பதே முதல்.

பட்டாபிராமில் ஆண்டெனா கட்டியவருக்குப் பக்கத்து ஆவடியிலிருந்து சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸில் முழங்கும். அதையே அளவுகோலாக்கத் தோன்றும். ஆனால் மத்திய அலை நிலையம் 10 ஹெர்ட்ஸ் வரை பிசகச் சர்வதேச விதி இடம் தருகிறது. நிலையம் அதைவிட ஒழுங்காகவே இருக்கலாம், உத்தரவாதம் அவ்வளவுதான். 720 கிலோஹெர்ட்ஸில் அது பத்து லட்சத்தில் 14 பங்கு. அதை நம்பித் திருத்தினால், தொழிற்சாலை 4 பங்குக்குள் தந்த பெட்டியை நாமே கெடுத்ததாகும். சீனாவின் நேரக்குறி நிலையமான பிபிஎம்மோ 15 மெகாஹெர்ட்ஸில் அணுக்கடிகாரத்தை ஒட்டி நடக்கிறது. வழியில் அயனிமண்டலம் ஒரு ஹெர்ட்ஸ் அசைத்தாலும் பிழை 0.07 பங்கு. பக்கத்தில் ஓடும் அரக்கோணம் மின்ரயிலின் இரைச்சல் அடங்கும் இடைவெளியில் அதைப் பிடிக்க வேண்டும். 14,999 கிலோஹெர்ட்ஸில் மேல் பக்கப்பட்டை, 15,001இல் கீழ்ப் பக்கப்பட்டை என மாற்றி மாற்றிக் கேட்டால் இரண்டு விசில்கள். பிழை ஒன்றில் கூடி மற்றதில் குறைவதால், இரட்டிப்பாகக் காதில் விழும். இரண்டும் ஒரே ஸ்ருதியில் வந்து சேரும் வரை மெனுவில் அலைவெண்ணுக்கான எண்ணை நகர்த்துவதுதான் வேலை. விசில் இறங்கி மறையும் ஜீரோ பீட்டை நேரே தேடினால், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெட்டியின் ஃபில்டரே ஒலியை விழுங்கிவிடும்.

தொழிற்சாலை வைத்ததை ஏன் தொட வேண்டும் என்று கேட்கலாம். அந்த 4 பங்கு 25 டிகிரி வெப்பத்துக்குச் சொன்னது. சித்திரை மாதத்துப் பட்டாபிராமுக்கு அல்ல. அலைவெண்ணைத் தரும் படிகமும் வயதாக ஆக நகரும். பேச்சுக்கு 200 ஹெர்ட்ஸ் பிசகினால் குரலின் ஸ்ருதி சற்று மாறும், அவ்வளவுதானே என்பார்கள். சரிதான். ஆனால் மெல்லிய சிக்னல்களைக் கணினி படிக்கும் டபிள்யூஎஸ்பிஆர் முறையில் மொத்த இடமே 200 ஹெர்ட்ஸ் அகலம். ஆவடியை நம்பித் திருத்திய பெட்டி 14 மெகாஹெர்ட்ஸில் அந்த அளவுக்கே விலகி, யார் கண்ணிலும் படாமல் போகக்கூடும்.

மெனுவைத் திறந்ததும், எதையும் மாற்றுமுன், எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியின் எண்கள் இன்னொரு பெட்டிக்குப் பொருந்தா.