விக்டருக்கு ஒரு வீடு இருக்கிறது

நள்ளிரவில் சர்வர் தொங்கிவிட்டால் எங்கள் வேலையில் ஒரு குறுக்குவழி உண்டு. காரணத்தைத் தேடாமல் ரீஸ்டார்ட் பண்ணிவிடுவது. "இப்ப ஓடுதுல்ல, விடு ப்ரோ" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். பிழை உள்ளே அப்படியே இருக்கும்.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'தி டெர்மினல்' (2004) படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. ஹாஸ்டலில் விழுந்து விழுந்து சிரித்த படம். இந்த முறை பாதிக்குமேல் சிரிப்பே வரவில்லை.

கிரகோஷியா என்ற கற்பனை நாட்டிலிருந்து விக்டர் நவோர்ஸ்கி (டாம் ஹாங்க்ஸ்) நியூயார்க் விமானநிலையத்தில் வந்து இறங்குகிறார். அவர் வானில் இருக்கும்போதே ஊரில் ஆட்சிக் கவிழ்ப்பு. பாஸ்போர்ட் செல்லாது, விசாவும் போச்சு. நகரத்துக்குள் போக முடியாது, ஊருக்கும் திரும்ப முடியாது. எங்கள் மொழியில் இது டெட்லாக். ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் இரண்டு விதிகள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி.

படத்தின் நல்ல நகைச்சுவை இங்கிருந்துதான் பிறக்கிறது. பசிக்கு விக்டர் ட்ராலிகளைத் திருப்பி அடுக்கி, இயந்திரம் தரும் கால் டாலர் காசுகளைச் சேர்க்கிறார். அதைத் தடுக்க, ட்ராலிக்கென்றே ஓர் ஆளைப் போடுகிறார் அதிகாரி டிக்சன் (ஸ்டான்லி டூச்சி). இன்னொரு காட்சியில், ஊர் திரும்பப் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல், வெளியே அனுப்ப வழி இருக்கிறது என்று ஆசை காட்டுகிறார். விக்டருக்குப் பயமில்லை, அது அவருடைய வீடு. அமெரிக்க எல்லையில் தஞ்சம் கேட்டவர்களிடம் உண்மையாகவே கேட்கப்பட்டுவந்த கேள்வி இது. பதிலில் ஒரு வாழ்க்கையே தொங்கும். இதைச் சிரிக்க வைத்துக்கொண்டே சொன்னதுதான் படத்தின் உச்சம்.

அதன்பிறகு படம் பயந்துவிடுகிறது. விமானப் பணிப்பெண்ணோடு காதல், கடைக்காரர்களின் பாசம், கடைதோறும் விக்டரின் கைரேகைப் படம். டிக்சன் மெல்ல வில்லனாகிறார். விதி மறைந்து, ஓர் ஆளின் அற்பத்தனம் அந்த இடத்துக்கு வருகிறது. நமக்கு வசதிதான்: ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பலாம். கடைசியில் தூரத்தில் போர் முடிகிறது. விக்டர் இறந்துபோன அப்பாவுக்காக ஒரு சாக்ஸஃபோன் கலைஞரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். ரீஸ்டார்ட்.

காமெடிப் படத்தில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்பீர்கள். சாப்ளினின் 'தி இமிக்ரன்ட்' 1917இல் வந்தது. கப்பலில் வந்தவர்கள் சுதந்திர தேவி சிலையை வாய் பிளந்து பார்க்கிறார்கள். அடுத்த கணமே அவர்களைக் கயிறு கட்டி மந்தைபோல ஒதுக்குகிறார்கள். சில நொடிகள்தான். சிரிப்பும் நிற்கவில்லை, உண்மையும் தப்பவில்லை.

இந்தக் கதைக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படுபவர் இரானில் பிறந்த மெஹ்ரான் கரிமி நசேரி. 1988 முதல் 2006 வரை பாரிஸின் சார்ல் த கோல் விமானநிலையத்தில் வாழ்ந்தவர். 1999இல் அவருக்குக் காகிதங்கள் கிடைத்தன. அவர் வெளியேறவில்லை. காத்திருப்பு அதற்குள் அவருக்கு வாழ்க்கையாகவே ஆகிவிட்டிருந்தது. 2022 நவம்பரில், திரும்பி வந்து தங்கியிருந்த அதே விமானநிலையத்தில் இறந்தார். படம் அவரிடமிருந்து எடுக்காமல் விட்டது இந்தப் பகுதியைத்தான். விக்டருக்குத் திரும்ப ஒரு வீடு இருக்கிறது, அதனால் நாம் நிம்மதியாக எழுந்து போகலாம்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கிடையாது. நம்மில் பலருக்கும் இல்லை. ஒருமுறை வெளிநாட்டு விமானநிலையம் ஒன்றில் அதற்காக ஐந்து மணி நேரம் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கனிவாகத்தான் பேசினார், தண்ணீர்கூடக் கொடுத்தார். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகாது, அவ்வளவுதான். அங்கே டிக்சன் யாரும் இல்லை. அந்தக் கட்டத்தைக் 'கட்டாயம்' என்று எழுதியவர் எங்கோ ஓர் அலுவலகத்தில், என்னைப்போல, டெட்லைனுக்குள் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அவரைப் பற்றி ஒரு காமெடி எடுத்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்திருக்கும்.