பியானோவும் ஒரு குரலும்

அமெரிக்காவின் பழைய ஸ்டாண்டர்டு பாடல்களைப் பியானோவும் ஒற்றைக் குரலுமாக மேடையேற்றினால், இசைக்குழுவுக்கு வசதியில்லாத இடத்துச் சிக்கன ஏற்பாடு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஜெரோம் கெர்ன், இர்விங் பெர்லின், ஜார்ஜ் கெர்ஷ்வின், கோல் போர்ட்டர் ஆகியோரின் பாடல்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தவறு. அவை பியானோவில் உருவாகி, பியானோவும் குரலும் சேர்ந்த இசைத்தாள்களாக அச்சேறி வீடுகளுக்குப் போனவை. 1914இல் பதினைந்து வயது கெர்ஷ்வின், ரெமிக் பதிப்பகத்தில் வாரம் 15 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தபோது அவருடைய வேலை, புதுப் பாட்டுகளைப் பாடகர்களுக்குப் பியானோவில் வாசித்துக்காட்டி அவற்றை விற்க உதவுவதுதான். கறுப்புக் கட்டைகளையே பெரிதும் நம்பி வாசித்த பெர்லின், சுருதியை மாற்ற நெம்புகோல் வைத்த தனிப் பியானோவில் இசையமைத்தார். இந்தப் பாடல்களுக்குப் பியானோதான் பிறந்த வீடு.

இதன் முழுப் பொருள், பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளைக் (chords) கவனித்தால்தான் விளங்கும். கெர்ன் 1939இல் 'வெரி வார்ம் ஃபார் மே' நாடகத்துக்கு எழுதிய 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' பாட்டில், நடுப்பகுதி முடியும் இடத்தில் குரல் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. அடியில் கார்டுகள் நகர்கின்றன. ஒரு சுருதியின் காந்தாரமாக ஒலித்த அதே ஸ்வரம், பாடகர் இம்மியும் அசையாமலே, இன்னொரு சுருதியின் காந்தாரமாகிவிடுகிறது. ஆதார சுருதி மாறாத இசையில் ஊறிய காதுக்கு, நிற்கும் தரையே பெயர்வது போன்ற அனுபவம் இது. போர்ட்டர் 1932இல் எழுதிய 'நைட் அண்ட் டே' பாட்டில், பல்லவிக்கு முன்னால் வரும் முன்பகுதி (verse) ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பதும் கீழே மாறும் இசைவுதான். வயலின்களும் டிரம்பெட்டுகளும் சூழும்போது இந்த நகர்வைப் பொதுவான நிறமாக மட்டுமே கேட்கிறோம். பியானோ மட்டும் இருக்கும்போது அது ஒவ்வொரு விரலிலும் தெரிகிறது.

சோதித்துப் பார்க்க நல்ல சான்று பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு. 1950இல் எல்லிஸ் லார்கின்ஸின் பியானோவை மட்டும் துணைகொண்டு எட்டு கெர்ஷ்வின் பாடல்களைப் பதிவு செய்தார். 1959இல் நெல்சன் ரிடிலின் இசைக்குழுவோடு கெர்ஷ்வின் பாடல் தொகுதியை வெளியிட்டார். 'பட் நாட் ஃபார் மீ', 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' இரண்டும் இரு பதிவுகளிலும் உள்ளன. 1959இன் குரல் முதிர்ந்தது, ஏற்பாடு அழகானது. ஆனாலும் பாட்டு யாருடையது என்ற கேள்விக்கு 1950 தரும் விடையே எனக்குத் தெளிவாக இருக்கிறது. லார்கின்ஸ் அலங்காரங்களை வெட்டியெறிந்து, சொல் முடிகிற இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிறார். பாடகர் டோனி பென்னட்டும் பியானோ கலைஞர் பில் எவன்ஸும் 1975இல் செய்த இசைத்தொகுப்பு இன்னும் ஒருபடி மேலே போகிறது. அங்கே பியானோ துணையாக நிற்காமல், பாடகரின் வாக்கியத்துக்கு எதிர்வாக்கியம் பேசுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு: இவற்றில் பெரும்பாலானவை பிராட்வே நாடகப் பாடல்கள், அங்கே முதல் காட்சியிலேயே இசைக்குழு இருந்ததே என்று. உண்மைதான். ஆனால் அந்த இசைக்குழு ஏற்பாட்டை எழுதியவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். கெர்னின் 'ஷோ போட்' (1927) முதலியவற்றுக்கு ராபர்ட் ரஸ்ஸல் பென்னட் இசைக்குழு வடிவம் கொடுத்தார். கெர்ன் தந்தது பியானோ வரைவு. 'போர்கி அண்ட் பெஸ்' (1935) ஓபராவுக்கு இசைக்குழு வடிவத்தைத் தானே எழுதிய கெர்ஷ்வின் விதிவிலக்கு. அடுத்த மறுப்பு பாடகர் சினாட்ராவைப் பற்றியது. 1956இல் அவர் பாடிய, போர்ட்டரின் 'ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' பாட்டுக்கு ரிடில் எழுதிய ஏற்பாடு, போர்ட்டருக்கு நிகரான தனிப் படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதைக் கேட்கும்போது மனம் ரிடிலையும் அந்தக் காலத்தையும் தேடிப் போகிறது. பாட்டின் எலும்பைப் பார்க்க விரும்புகிறவருக்கு அது போதாது.

முன்பகுதியைத் திரும்பக் கொண்டுவரும் ஆற்றலும் இந்த இருவர் கச்சேரிக்கு இருக்கிறது. நடனமாட வந்தவர்களுக்கு வாசித்த இசைக்குழுக்கள், தாளம் நிலைத்த பல்லவியிலிருந்தே தொடங்கிப் பழகின. பேச்சைப் போல நிதானமாகச் சொல்ல வேண்டிய முன்பகுதிகள் இப்படித்தான் பலருக்கும் அறிமுகமில்லாமல் போயின. பாடகர் ஓரிடத்தில் தயங்கினால் காத்திருக்கவும், விரைந்தால் கூடவே ஓடவும் ஒரு பியானோக்காரரால் முடியும். இருபது பேருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க நடத்துநரும் ஒத்திகையும் வேண்டும். கெர்ஷ்வின் முதலில் வேகமான தாளப் பாட்டாகக் கருதிய 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ', அவர் கையாலேயே மெதுவாக வாசித்தபோதுதான் இப்போது நாம் அறிந்த பாட்டாயிற்று.