மனு கொடுத்தால் விமானம் வருமா?

நம்ம ஊர் வர்த்தக சங்கக் கூட்டங்களில் ஒரு சடங்கு உண்டு. மத்திய அமைச்சரோ எம்.பி.யோ வருவார். சால்வை, பூங்கொத்து, அப்புறம் மனு. மனுவில் பத்துப் பன்னிரண்டு கோரிக்கைகள் இருக்கும். ஜி.எஸ்.டி. குறைப்பு, ரயில் நிறுத்தம், மேம்பாலம் என்று போய் எங்கேயாவது ஓரத்தில் விமான சேவையும் வரும். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் கிடைக்கும். மறுநாள் பேப்பரில் போட்டோ. அடுத்த வருஷம் அதே மனு, தேதி மட்டும் வேற.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்க தொழிலில் "ஆப் சரியா ஓடலை, சரி பண்ணுங்க" என்று யாராவது எழுதினால் அந்தப் புகாரை யாரும் தொட மாட்டார்கள். எந்தப் பக்கம், எந்த பட்டன், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது என்று எழுதியிருந்தால் அன்றைக்கே ஒருத்தர் எடுத்துப் பார்ப்பார். விமானம் தொடர்பான நம்ம மனுக்கள் எல்லாம் முதல் வகை. இந்தக் கட்டுரையின் விமர்சனம் அவ்வளவுதான். ஆனால் அதை மதுரை, சேலம், ஓசூர் கதைகளை வைத்துச் சொன்னால்தான் புரியும்.

எந்த விமானத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

டிக்கெட் வாங்கி ஏறும் அட்டவணை விமானம் ஒரு வகை. ஒரு கம்பெனி தன் வேலைக்காகச் சொந்தமாக வைத்திருக்கும் அல்லது வாடகைக்கு எடுக்கும் சிறு விமானமும் ஹெலிகாப்டரும் இன்னொரு வகை. இதைத்தான் பிசினஸ் ஏவியேஷன் என்கிறார்கள். இந்தியாவில் வாடகைக்கு ஓட்ட 'நான்-ஷெட்யூல்டு' பர்மிட் வேண்டும். தனியார் உபயோகம் என்று பதிவான விமானத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. நாலு மில்காரர்கள் நண்பரின் விமானத்தில் போய்விட்டுச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வது சட்டப்படி சரிவராது.

திண்டுக்கல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். எங்க ஊரில் ஹெலிகாப்டர் வந்தாலே தேர்தல் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இங்கே நூற்பாலைகள் இருக்கு, தோல் பதனிடும் ஆலைகள் இருக்கு, நிலக்கோட்டையில் பூ, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி, மேலே கொடைக்கானல், அந்தப் பக்கம் பழனி. வடக்கே கரூர் ஜவுளி, தெற்கே சிவகாசி. ஒவ்வொரு ஊரையும் தனியாகப் பார்த்தால் வருஷத்துக்குச் சில பயணங்கள்தான் தேறும். சேர்த்துப் பார்த்தால் கணக்கே வேற.

ஏன்னா, இதில் பெரிய செலவு காலிப் பயணம். பெங்களூரிலோ சென்னையிலோ நிற்கும் விமானத்தை நாம் மதுரைக்குக் கூப்பிட்டால், அது காலியாக வருவதற்கும் காலியாகத் திரும்புவதற்கும் நாம்தான் காசு கொடுக்கணும். வாடகைக் கார்காரர் 'ரிட்டர்ன்' சேர்த்துக் கேட்பது மாதிரி. ஒருத்தர் காலையில் மதுரையில் இறங்க, இன்னொருத்தர் அதே விமானத்தில் ஏறிப் போனால் செலவு இறங்கும். அந்த இன்னொருத்தர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். வட்டார அளவில் பயன்படுத்துபவர்களின் குழு தேவைப்படுவது முதலில் இதற்குத்தான். அரசியல் அழுத்தம் எல்லாம் அதுக்கப்புறம்.

அப்படி ஒரு குழு நம்ம பக்கம் உருவானதாக நான் பார்க்கவில்லை. தேசிய அளவில் 2011-இல் பிசினஸ் ஏர்கிராஃப்ட் ஆபரேட்டர்ஸ் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. பெயரே சொல்வது போல அது விமானத்தை இயக்குபவர்களின் அமைப்பு. வரி, பர்மிட் விதி என்று டெல்லியில் பேச அது இருக்கு. சின்னாளபட்டிக்காரருக்கோ தேனிக்காரருக்கோ எப்போது விமானம் வேண்டும் என்பதை அங்கே யார் சொல்வது?

மதுரை: ஒரு கோரிக்கை, ஐந்து கதவுகள்

மதுரை விமான நிலையம் திண்டுக்கல்லில் இருந்து சுமார் 75 கி.மீ. 2010-இல் புதிய முனையம் வந்தது. 2012 செப்டம்பரில் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் பறந்தது. 2024 அக்டோபர் 1 முதல் 24 மணி நேரச் சேவை. இடைப்பட்ட 12 வருஷமும் தென்மாவட்டங்களின் ஒரே முழக்கம், "பன்னாட்டு விமான நிலையமாக அறிவி".

பலகையை மாற்றினால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். துபாய் விமான நிறுவனம் ஒன்று மதுரைக்கு வர வேண்டும் என்றால், இரு தரப்பு விமான ஒப்பந்தத்தில் அவர்கள் இறங்கக்கூடிய ஊர்களின் பட்டியலில் மதுரை இருக்கணும். அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் வேலை. ராத்திரியில் இயங்க கூடுதல் ஊழியர்களும் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை வீரர்களும் வேண்டும். ஊழியர்கள் விமான நிலைய ஆணையத்தின் கீழ். படையோ உள்துறையின் கீழ். குடியேற்றச் சோதனையும் உள்துறை. சுங்கம் நிதித்துறை. ஓடுபாதையை நீட்டிக்க நிலம் எடுப்பதும், விமான எரிபொருளுக்கு வாட் வரி போடுவதும் மாநில அரசு. அந்த வரி தமிழ்நாட்டில் நீண்ட காலமாக 29 சதவீதம். 2021-22-இல் பல மாநிலங்கள் அதை ஒற்றை இலக்கத்துக்கு இறக்கின.

ஆக ஐந்து கதவுகள். நம்ம மனு எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி ஒரே கதவில் தட்டிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். மதுரை ஓடுபாதை 2,286 மீட்டர். பெரிய விமானங்களுக்கு அது போதாது என்பதால்தான் நீட்டிப்புக் கோரிக்கை. ஆனால் எட்டுப் பேர் உட்காரும் சிறு ஜெட்டுக்கு அது தாராளம். அந்த ஜெட்டில் வருபவருக்கு இருந்த தடை நேரம். நிலையம் மூடிய பிறகு இறங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு, கட்டணம் கட்டி, நேர நீட்டிப்பு வாங்க வேண்டும். அவசரமாக ஒரு நோயாளியை ஏர் ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் குடும்பத்துக்கும் இதே கதைதான். அதாவது நிலம், கான்கிரீட் எதுவும் இல்லாமல், ஆள் எண்ணிக்கைக்கு ஒரு ஒப்புதல் வாங்கினால் தீரக்கூடிய விஷயம். அதை மட்டும் தனியாக எடுத்து, "இத்தனை இரவுப் பயணங்கள் தடைபட்டன" என்ற பட்டியலோடு உள்துறையில் தட்டியிருந்தால் 12 வருஷம் ஆகியிருக்காது என்பது என் கணிப்பு.

சேலம்: கேட்டதும் கிடைத்தது, நின்றதும் போனது

சேலம் தொழில் அமைப்புகள் நம்மைவிட விடாப்பிடி. 1993-இல் அங்கே நிலையம் திறந்து என்.இ.பி.சி. விமானம் வந்தது, நின்றது. தொழில் அமைப்புகள் விடாமல் கேட்டு, 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. 2011-இல் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது.

கிங்ஃபிஷர், ட்ரூஜெட் இரண்டுமே நிதி நெருக்கடியில் படுத்துவிட்ட நிறுவனங்கள். அதற்குச் சேலம் பொறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வெற்றி என்பது 'ஒரு விமானம் வந்துவிட்டது' என்ற இடத்திலேயே முடிந்துவிடுகிறது. உடானில் அரசு தரும் இழப்பீடு மூன்று வருஷத்துக்குத்தான். நாலாவது வருஷம் எத்தனை சீட்டை யார் வாங்குவது என்ற கேள்வி முதல் நாளே எழுந்திருக்க வேண்டும். அட்டவணை விமானம் இல்லாத வருஷங்களிலும் 1,800 மீட்டர் ஓடுபாதை அங்கேயேதான் இருந்தது. வாடகை விமானத்தைக் கூட்டாக எடுக்கும் பழக்கம் உள்ள ஒரு குழு இருந்திருந்தால் அந்த வருஷங்கள் முழுக்க வீணாகியிருக்காது.

ஓசூர்: ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

ஓசூரில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் தனியார் ஓடுதளம் பல வருஷமாக இருக்கு. பிறகு ஏன் பயணிகள் விமானம் இல்லை? 2004-இல் பெங்களூரு விமான நிலையத்துக்காகப் போட்ட ஒப்பந்தத்தில், மைசூரு, ஹாசன் தவிர, 150 கி.மீ. சுற்றளவில் போட்டியாகப் புதிய நிலையம் கூடாது என்று ஒரு ஷரத்து. 2008-இல் திறந்ததில் இருந்து 25 வருஷம், அதாவது 2033 வரை. உடான் திட்டத்தில் ஓசூர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டப்பேரவையில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் அறிவித்தார். நல்லது. ஆனால் 2004-இல் அந்த ஷரத்து எழுதப்படும்போது ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரித் தொழில்முனைவோர் சார்பாக யாராவது அந்த மேசையில் இருந்திருந்தால்? ஒரு வரியைத் திருத்தினால் போதும். மைசூருக்கும் ஹாசனுக்கும் விலக்கு வாங்கத் தெரிந்திருக்கிறதே. அரசியல் செல்வாக்கு என்றால் ஊர்வலமும் போஸ்டரும் மட்டும் கிடையாது. வரைவு எழுதும் கட்டத்தில் படித்துப் பார்த்து "இந்த வரி எங்களைப் பாதிக்கும்" என்று சொல்வதும்தான்.

பக்கத்து வீட்டுக்காரரை மறந்தால்

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நியாயமான கேள்வி வரும். பணக்காரர்கள் பறப்பதற்கு நாம் ஏன் கவலைப்படணும்?

அமெரிக்காவில் 1947 முதல் இதற்கென்றே பலமான தேசிய சங்கம் இருக்கு. மாநில அளவிலும் விமான நிலைய அளவிலும் குழுக்கள் இருக்கு. அப்படியும் 2008 நவம்பரில் ஜி.எம்., ஃபோர்டு, கிரைஸ்லர் தலைவர்கள் மூன்று பேரும் தனித்தனி ஜெட்டில் வாஷிங்டன் போய், கம்பெனியைக் காப்பாற்ற அரசுப் பணம் கேட்டார்கள். நாடே கொதித்தது. அடுத்த மாதம் காரில் போனார்கள். அந்த அடியில் இருந்து மீள 2009-இல் அந்தச் சங்கம் பெரிய பிரசார இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா விமான நிலையம் இன்னும் நல்ல பாடம். தனி விமானக்காரர்களிடம் பணமும் வக்கீல்களும் இருந்தார்கள். சுற்றி இருந்த மக்கள் சத்தமும் புகையும் வேண்டாம் என்று பல வருஷம் போராடினார்கள். 2017-இல் ஓடுபாதையைச் சுமார் 3,500 அடியாகச் சுருக்கிவிட்டார்கள். 2028 முடிந்ததும் நிலையத்தையே மூடும் உரிமை நகராட்சிக்கு வந்துவிட்டது.

இங்கே? மதுரை ஓடுபாதை நீட்டிப்புக்காக வீடும் நிலமும் போகும் சின்ன உடைப்பு கிராம மக்கள் 2024 நவம்பரில் மாற்று இடமும் மறுவாழ்வும் கேட்டுப் போராடினார்கள். பரந்தூரில் 2022-இல் இருந்து போராட்டம். விரிவாக்கம் கேட்கும் மனுக்கள் எதிலாவது "நிலம் கொடுப்பவர்களுக்கு முதலில் இடம் கொடுங்கள்" என்று ஒரு வரி இருந்ததா? நான் படித்த வரை இல்லை. அந்த வரியை வர்த்தகர்களே எழுதியிருந்தால் அதுதான் அந்த மனுவின் பலமான வரியாக இருந்திருக்கும். நீதி என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வழக்கு, தடை, தாமதம் என்று இழுக்கும்போது நஷ்டம் கேட்டவர்களுக்கும்தான்.

அப்போ என்ன செய்யலாம்?

என்னைக் கேட்டால், விமான நிலையம் கேட்பதை ஒரு வருஷம் நிறுத்தி வைக்கலாம். அந்த ஒரு வருஷத்தில் திண்டுக்கல், தேனி, மதுரை, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் ஒரு குறிப்பேடு போடலாம். யார், எந்தத் தேதியில், எங்கே, எதற்காக அவசரமாகப் போக வேண்டியிருந்தது, எப்படிப் போனார்கள், எவ்வளவு நேரம் போனது. மில் முதலாளி மட்டும் இல்லை, ஆஸ்பத்திரி, பூ ஏற்றுமதியாளர், பழுது பார்க்க வந்த வெளிநாட்டு மெக்கானிக் எல்லாம் அதில் வரணும். கரூர்க்காரருக்குத் திருச்சி பக்கம் என்றால் அதையும் எழுதலாம். ஊர்ப் பெருமை இதில் வேண்டாம்.

வருஷக் கடைசியில் இரண்டில் ஒன்று தெரியும். தேவை இல்லை என்று தெரிந்தால் மனுவில் இருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, ரயிலுக்கும் சாலைக்கும் முழு மூச்சாக நிற்கலாம். அதுவும் லாபம்தான். தேவை இருக்கிறது என்று தெரிந்தால் ஐந்து கதவுக்கும் ஐந்து தனித்தனிக் கடிதம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோரிக்கை, கீழே அந்தக் குறிப்பேட்டின் நகல். முதல் பிரதி அமைச்சருக்குப் போவதற்கு முன்னால் சின்ன உடைப்பு மாதிரி ஊர்க்காரர்கள் கையில் கொடுக்கப்பட வேண்டும்.

சால்வை செலவும் மிச்சம்.